இருநூறு மீற்றர், எங்கிருந்து?

என் வீட்டுக் குளியலறையில் பாதி சட்டவிரோதமானது.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. முப்பது வருடத்துக்குக் கிட்டக் காணி உத்தியோகத்தனாக இருந்து, "உங்கட வேலி அரசாங்கத்துக்க நிக்குது" என்று ஊர் ஊராகச் சொல்லித் திரிந்தவன் நான். ஐம்பத்தைந்தில் ஓய்வு எடுத்ததும், குளித்துக்கொண்டே வாவியைப் பார்க்க வேண்டும் என்றோர் ஆசை பிடித்தது. நாவல்களைக் கூடுதலாக வாசிக்கிறவர்களுக்கு நடுவயதில் வரும் நோய் இது. வளவின் பின்கோடியில் கட்டினேன். அளந்து பார்க்கவில்லை. எனக்குத் தெரியாத எல்லையா என்ற எண்ணம்.

போன மாதம், வாவியோர ஒதுக்குக் காணியைப் புதிய விதிகளின்படி அடையாளமிட என் பழைய அலுவலகத்திலிருந்தே வந்தார்கள். தர்சினி என்ற இளம் உத்தியோகத்தர் கையில் ஒரு கருவியைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தார்.

"சேர், வாளி வைச்சிருக்கிற இடம் சரி. மற்றதெல்லாம் வாவி."

"கொமட்?"

"அது முழுக்க வாவி, சேர்."

இதைவிட மரியாதையாக ஒரு மனிதனின் மானத்தை வாங்க முடியாது. பிறகு தேநீர் குடிக்கும்போது அவர் கேட்டார்:

"சேர்ட காலத்தில இந்த மெசின் ஒண்டும் இல்லையே. சுனாமிக்குப் பிறகு கடற்கரையெல்லாம் எப்பிடி அளந்த நீங்க?"

"டேப்பாலதான்."

"அதில்ல சேர். எங்கயிருந்து அளந்த நீங்க?"

இத்தனை வருடத்தில் இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நான் பிஸ்கற் தட்டை அவர் பக்கம் தள்ளினேன். அவரே பேச்சை மாற்றினார். அலுவலக மலருக்குப் பக்கம் குறைகிறதாம். பகிடியாக ஏதாவது எழுதித் தர வேண்டுமாம். முயன்று பார்க்கிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. யுத்தத்துக்குள் வேலைக்குச் சேர்ந்த தலைமுறை நாங்கள். வாவிக்கு இந்தப் பக்கம் ஓர் அரசாங்கம், அந்தப் பக்கம் படுவான்கரையில் வேறோர் அதிகாரம். இரண்டு பக்கமும் செல்லுபடியாகும் காணி உத்தரவுப் பத்திரத்தை எப்படி எழுதுவது என்று எந்தப் பாடநெறியிலும் இருக்கவில்லை. சங்கிலி பிடிக்கவும், வரைபடம் வாசிக்கவும், சோதனைச் சாவடி வந்ததும் அந்த வரைபடத்தைச் சாரத்துக்குள் ஒளிக்கவும் பழகினேன். வரைபடத்தோடு பிடிபடுவதைவிடத் துவக்கோடு பிடிபட்டால் விளங்கப்படுத்துவது லேசு என்று எங்களுக்குள் ஒரு கதை இருந்தது.

சுனாமி வந்தபோது எங்கள் பிரதேச செயலாளராக இருந்தவர் பூபாலரெத்தினம் சேர். மெலிந்த மனிதர். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. எந்தச் சுற்றறிக்கையையும் மூன்று தரம் வாசிப்பார். முதலில் இருந்துகொண்டு. பிறகு எழும்பி நின்று. மூன்றாம் தரம் என்னை உரத்து வாசிக்கச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"இருந்து வாசிச்சா எழுதினவன் சொல்லுறது விளங்கும். நிண்டு வாசிச்சா மாவட்டக் கச்சேரியில மேலிடம் என்ன நினைக்குது எண்டு விளங்கும். சனத்துக்கு எப்பிடிக் கேட்கும் எண்டு பாக்கக் கண்ணை மூடத்தானே வேணும்."

வெளிக்களத்துக்கும் ஒரு சட்டம் வைத்திருந்தார். அளக்க முன்னம் அந்த வீட்டுத் தேத்தண்ணியைக் குடிக்கக் கூடாது, அது லஞ்சம். அளந்த பிறகு தந்தால் குடிக்காமல் வரக் கூடாது; அது திமிர். சுனாமி நடந்த கிழமை நான் அவரோடு கரையோரம் போனபோது இன்னொன்றையும் பார்த்தேன். சுவர் போய், கூரை போய், வாசற்படி மட்டும் மிஞ்சிய வீடுகள் நிறைய. ஒவ்வொரு வாசற்படியிலும் அவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே என்று சொல்லக்கூடிய அந்த மணலில் கால் வைத்தார். சனம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றது.

இனி அந்தச் சட்டம் எங்களிடம் வந்த விதம். முதலில் வானொலியில் வந்தது. பிறகு பத்திரிகையில் படத்தோடு வந்தது. பிறகு சிங்களத்தில் ஒரு சுற்றறிக்கை. தொலைநகலில் வந்ததால் கீழ்ப்பாதி கறுப்பு. தமிழ்ப் பிரதி கைக்கு வந்தபோது சட்டமே மாறியிருந்தது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

சுருக்கம் இதுதான். கிழக்குக் கரையில் கடலிலிருந்து இருநூறு மீற்றருக்குள் இனி யாரும் கட்டக் கூடாது. அதற்குள் இருந்த வீடு அழிந்தவர்களுக்குக் கரையை விட்டுத் தள்ளிக் காணியும் கல்வீடும் கிடைக்கும். வெளியே இருந்தவர்களுக்கு அதே இடத்தில் திருப்பிக் கட்டக் கொஞ்சம் காசு. கொழும்பில் மேசையில் வைத்துப் பார்த்தால் நியாயமான சட்டம். எங்கள் ஊர்களோ கடலுக்கும் வாவிக்கும் நடுவில் நாடாப் போலக் கிடப்பவை. சில இடங்களில் டேப்பின் மறுமுனை வாவிக்குள் மிதந்தது. "சட்டப்படி இந்த ஊரே இல்லை, சேர்" என்று நான் ஒருநாள் பகிடி விட்டேன். அவர் சிரிக்கவில்லை.

வீட்டுக்குப் பதில் வீடு கொடுக்கலாம் என்று அந்தச் சட்டம் யோசித்திருந்தது. சலூன், மீனுக்கு ஐஸ் போடுகிற வாடி, தேத்தண்ணிக் கடை, பாண் சுடுகிற போறணை, இவற்றுக்கு என்ன செய்வது என்று அது யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தால் சீனித்தம்பியைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இருந்திராது.

சீனித்தம்பி அப்படியொரு நாடா ஊரில் பேக்கரி வைத்திருந்தவர்; குடியிருந்ததும் அதோடுதான். (ஊரின் பெயரைப் போட வேண்டாம் என்று அவருடைய மனைவி பாக்கியம் கேட்டுக்கொண்டார். தங்கள் பெயர்களைப் போடலாமாம். அதை வாசித்து ஒருவரும் ஒன்றும் பிடுங்கப் போவதில்லையாம்.) செங்கல்லும் களிமண்ணுமாகத் தன் கையாலேயே கட்டிய போறணை. விடியக் கடலுக்குப் போகிறவர்களும் கரைவலை இழுக்கிறவர்களும் அவருடைய பாணைத்தான் வாங்கிக்கொண்டு போவார்கள். சுனாமி வந்த அன்று காலையில் கடலோரத் தெருவுக்குப் பாண் கொடுத்துவிட்டு வரும்படி மகள் வனிதாவை அனுப்பியிருந்தார். ஓ.எல். சோதனை எழுதிவிட்டு வீட்டிலிருந்த பிள்ளை. கடல் பேக்கரியின் சுவரையும் கூரையையும் மாவு மூட்டைகளையும் கொண்டுபோனது. போறணை நின்றது. வனிதா கிடைக்கவில்லை.

அந்த வருடச் சட்டங்களில் ஒன்று, காணாமற்போனவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் காத்திராமல் மரணச் சான்றிதழ் பெற வழி செய்தது. எத்தனையோ தாய்மார் அந்தப் படிவத்தைத் தொடவே மாட்டோம் என்றார்கள். பாக்கியம் முதல் ஆட்களில் ஒருவராக வந்து, கண் கலங்காமல் கையொப்பம் வைத்துவிட்டுப் போனார். கல்நெஞ்சுக்காரி என்று எங்கள் அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். நானும் அந்தப் பேச்சில் இருந்தேன்.

அவர்களுடைய ஊரை அளக்கப் போனோம். சட்டம் சொன்னபடி பெருக்குநீர் ஏறும் கோட்டிலிருந்து தொடங்க வேண்டும். வேறு காலமென்றால் அது ஒரு வேலையே இல்லை. அலை ஏறுகிற இடத்தில் அடம்பன்கொடி பிடிக்காது. அடம்பன் படரத் தொடங்கும் இடம்தான் கோடு. எங்கள் அலுவலகத்தில் காலங்காலமாக அப்படித்தான் பார்த்தோம். சுனாமி அடம்பனையும் உரித்துக்கொண்டு போயிருந்தது. மணல் வெறும் மணலாகக் கிடந்தது.

"சனத்தைக் கேப்பம்," என்றார் சேர். "முந்தி தண்ணி எது மட்டும் ஏறும் எண்டு அவங்களுக்குத் தெரியும்தானே."

கேட்டோம். கந்தப்பன் என்கிற ஒருவர் கரையிலிருந்து நன்றாக உள்ளே வந்து நின்று, "இஞ்ச மட்டும் வரும் சேர், கால் நனையும்" என்றார்.

"உனக்கு எப்பிடிக் கந்தப்பண்ண இவ்வளவு தூரம் நனைஞ்ச? வெறியில கிடந்த நீயா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"இல்லடா, அவர்ட வீடு வெளியால நிக்குது. கல்வீடு வேணுமெல்லோ, அதான் கடலக் கையில பிடிச்சு இழுக்கிறார்!"

சனம் சிரித்தது. அந்த மாதத்தில் அந்தக் கரையில் நான் கேட்ட முதல் சிரிப்பு. அது அடங்க முன்னம் பாக்கியம் கூட்டத்திலிருந்து வெளியே வந்தார். யாரையும் பார்க்கவில்லை. ஊர்ப் பக்கமாகக் கந்தப்பனையும் தாண்டி, கரைவலைத் தோணிகளை ஏற்றி வைக்கிற மேட்டையும் தாண்டி நடந்து, வேரோடு சாய்ந்து கிடந்த ஒரு தென்னைக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"இதுதான் கடல், சேர்."

"இது அண்டைக்கு வந்த கடல், தங்கச்சி," என்றேன் நான். "நாங்க கேக்கிறது மற்ற நாளில வாற கடல்."

"மற்ற நாளில வந்ததுதான் கடல் எண்டால், அண்டைக்கு வந்தது என்ன சேர்?"

சிரித்தவர்கள் எல்லாரும் நிலத்தைப் பார்த்தார்கள். கடலுக்குப் பிள்ளைகளைக் கொடுத்த வேறு சில பெண்களும் ஒவ்வொருவராக நடந்து போய்ப் பாக்கியத்துக்குப் பக்கத்தில் நின்றார்கள். ஒருவர் குந்தியிருந்து அழத் தொடங்கினார்.

சேர் செருப்பைக் கழற்றினார். வெயிலில் கொதித்த மணலில் வெறுங்காலோடு அவர்களிடம் நடந்து போய், பாக்கியத்துக்குப் பக்கத்தில் நின்றார். பிறகு திரும்பி என்னைக் கூப்பிட்டார்.

"டேப்பை இஞ்ச கொண்டா."

நான் கிட்டப் போய்க் காதுக்குள் சொன்னேன்: "சேர், இது பெருக்குநீர்க் கோடில்ல."

"எனக்குத் தெரியும். அப்ப நீ போய்ச் சொல்லு, 'தங்கச்சி, கொஞ்சம் முன்னுக்கு வந்து நில்லு, உன்ட பிள்ளை போன இடம் கணக்கில இல்ல' எண்டு. சொல்லுறியா?"

நான் சொல்லவில்லை. டேப்பின் நுனியைப் பாக்கியத்தின் காலடியில் பிடித்தேன். ஊரும் மறுப்புச் சொல்லவில்லை. கோடு எவ்வளவு தூரம் உள்ளே போகிறதோ அவ்வளவு பேருக்குக் கல்வீடு. அந்த மௌனத்தில் துக்கமும் இருந்தது, கல்வீடும் இருந்தது.

டேப்பை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு போனோம். இருநூறு முடிந்த இடம் சீனித்தம்பியின் போறணைக்குப் பின்புறம். பேக்கரி முழுவதும் உள்ளே. சீனித்தம்பி பாண் தள்ளுகிற நீளத் துடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். கரைக்கு அவர் வரவில்லை. சுனாமிக்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் போவதில்லை.

"எவ்வளவு சேர் உள்ளுக்கு?"

நான் காட்டினேன். அவர் போறணையின் பின்சுவரில் துடுப்பின் நுனியை வைத்து நிலத்தில் கிடத்தினார். நாங்கள் அடித்த முளை துடுப்பின் கழுத்தடியில் நின்றது.

"ஒரு துடுப்பு நீளமும் இல்ல சேர்! இந்தத் துண்டு மண்ணுக்கா என்ன எழும்பச் சொல்லுறீங்க? டேப்பைக் கொஞ்சம் தொய்ய விட்டுப் பிடிச்சிருந்தா நான் வெளியால!"

தூரத்தில் பாக்கியம் மணலைப் பார்த்தபடி நின்றார். தன் துக்கம் புருசனின் போறணையை விழுங்கிவிட்டதே என்று நிற்கிறார் என நினைத்துக்கொண்டேன். நாவல் வாசிக்கிறவன் அப்படித்தான் நினைப்பான்.

அன்று எங்களுக்கு யாரும் தேத்தண்ணி தரவில்லை. தருவதற்கு யாரிடமும் கேத்தில் இருக்கவில்லை.

சேர் சும்மா இருக்கவில்லை. முழுக்க அழியாத கட்டடத்தை உள்ளே இருந்தாலும் திருத்தலாம் என்றொரு விதிவிலக்கு இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டார். நான்தான் எழுதினேன்: பேக்கரி என்பது போறணை; சுவரும் கூரையும் அதற்குப் போர்த்திய துணி; போறணை முழுதாக நிற்கிறது; ஆகவே கட்டடம் அழியவில்லை. என் வாழ்நாளில் எழுதிய மிகச் சிறந்த வசனம் அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். மதிப்பீட்டுக் குழு ஒரே வரியில் பதில் அனுப்பியது. போறணை கட்டடம் அல்ல, உபகரணம்.

அறிவித்தலைச் சீனித்தம்பியிடம் நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி வாசித்தார்.

"ஆரும் வந்து இடிக்க வேணாம். கட்டினவன் பிரிப்பான். போங்க."

கல் கல்லாகக் கழற்றினார். உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி, செங்கலடிக்கு அங்கால் வயற்புறத்தில் கொடுத்த புதுக் குடியிருப்புக்குக் கொண்டுபோனார். பாதிக் கல் வழியில் உடைந்தது. மிச்சத்தோடு புதுக் கல் சேர்த்துத் திரும்பக் கட்டினார். கல்வீடு நல்ல வீடு. குறை சொல்ல முடியாது. பாண் வாங்கத்தான் ஆளில்லை. விடியக் கடலுக்குப் போகிறவன் பாண் தேடுவான். வட்டைக்கு வயல் வேலைக்குப் போகிறவன் சோறு கட்டிக்கொண்டு போகிறவன். பாண் அவனுக்குக் காய்ச்சல்காரன் சாப்பாடு.

போறணை பிரித்து ஒரு வருடம் ஆகுமுன் சட்டம் தளர்ந்தது. இருநூறு என்பது இடத்துக்கு இடம் குறையலாம் என்றார்கள். எங்கள் கரையில் நன்றாகவே குறைந்தது. அந்தச் சுற்றறிக்கையைச் சேர் இருந்து வாசித்தார். எழும்பி நின்று வாசித்தார். என்னிடம் தந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் வாசித்து முடித்து வெகுநேரமாகியும் கண்ணைத் திறக்கவில்லை.

"அந்தாளிட்ட நான் போய்ச் சொல்லுறன். நீ வராத."

பின்னேரம் திரும்பி வந்தவரிடம் என்ன நடந்தது என்று கேட்டேன்.

"தேத்தண்ணி தரல்ல," என்றார்.

அதற்குப் பிறகு சண்டை திரும்பவும் தொடங்கியது. குடியிருப்புச் சனம் பள்ளிக்கூடங்களுக்கு ஓடியது. திரும்பி வந்தபோது சீனித்தம்பியின் இரண்டாவது போறணையின் வளைவு இறங்கிக் கிடந்தது. ஷெல்லா, மழையா என்று யாரும் விசாரிக்கவில்லை. விசாரித்தால் வேறு வேறு படிவம் நிரப்ப வேண்டும். பூபாலரெத்தினம் சேர் இளைப்பாறி, யுத்தம் முடிய முன்னமே காலமானார். யுத்தம் முடிந்தது. புதிய சட்டங்களும் புதிய வலயங்களும் வந்தன. அந்த நாடா ஊரின் கரையில் ஒரு ஹோட்டல் எழும்பியது. சீனித்தம்பியின் பேக்கரி நின்ற இடத்தில் இப்போது நீச்சல் குளம். கடலுக்குப் பக்கத்தில் எதற்குக் குளம் என்று சட்டம் கேட்பதில்லை.

சீனித்தம்பி வேறொருவருடைய பேக்கரிப் பாணை, பாட்டுப் போட்டபடி வரும் ஓட்டோவில் விற்கத் தொடங்கினார். எங்கள் தெருவும் அவருடைய பாதையில் இருந்தது. தெருமுனையில் பாட்டுக் கேட்கும். பக்கத்து வீட்டில் நின்று பாண் கொடுப்பார். என் வாசலுக்கு வந்ததும் பாட்டு நின்றுவிடும். அடுத்த வீட்டில் திரும்பத் தொடங்கும். "நம்மட வீட்டில மட்டும் ஏன் மெசின் பழுதாகுது?" என்று என் மனைவி கேட்பார். நான் கடைக்குப் போய்ப் பாண் வாங்கி வருவேன். ஒரு தரமாவது வாசலுக்கு இறங்கிப்போய் மறித்திருக்கலாம். மறித்து என்ன சொல்வது என்று வசனம் தேடிக்கொண்டிருந்தேன்.

ஓய்வு எடுத்த பிறகு ஒருநாள் அந்தக் கரைக்குப் போனேன். அடம்பன் திரும்பவும் படர்ந்திருந்தது, ஊதாப் பூவோடு, ஒரு கோடு கீறினாற்போல. பாக்கியம் நின்ற தென்னை கிடந்த இடம் அங்கிருந்து எவ்வளவோ தள்ளி இருந்தது. அடம்பனிலிருந்து நடந்து பார்த்தேன். பேக்கரி அன்றைய சட்டத்துக்கும் வெளியேதான். இதைச் சீனித்தம்பியிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று முடிவெடுத்து, எப்படித் தொடங்குவது என்று இன்னும் சில மாதம் யோசித்தேன். யோசித்துக்கொண்டிருக்கும்போதே தெருவில் பாட்டு வருவது நின்றுபோனது. விசாரித்தால், ஆள் மோசம் போய் முப்பத்தோராம் நாள் சடங்கும் கழிந்திருந்தது.

குடியிருப்புக்குப் போனேன். பாக்கியம் கதிரை எடுத்துப் போட்டார். தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். நான் சொல்ல வந்ததை எல்லாம் சொன்னேன்: அடம்பன், தென்னை, டேப், காதுக்குள் சொன்னது, சொல்லாமல் விட்டது.

"அதிலயிருந்து அளந்தா போறணை வெளியால, தங்கச்சி. துடுப்புக் கணக்கில்ல, நல்லா வெளியால."

"தெரியும் சேர்."

"எப்பிடி?"

"நீங்க வாறதுக்கு முதல் நாளே நான் அளந்திட்டன். இவர் செங்கலடிக்குப் போன நேரம். றேடியோவில இருநூறு எண்டுதானே சொன்னான். தையல் டேப்பால கிணத்துக் கயிற அளந்து எடுத்து, போறணைப் பின்சுவரில இருந்து கடலப் பாத்துப் பிடிச்சுக்கொண்டு போனன். முடிஞ்ச இடத்தில தென்னை கிடந்தது. போறணை முழுக்க உள்ளுக்கு வரட்டும் எண்டு அதுக்குக் கொஞ்சம் இஞ்சால, ஊர்ப் பக்கமா நிண்டன்."

மனதுக்குள் திருப்பி அளந்து பார்த்தேன். சரியாக வந்தது.

"போவம் எண்டு இவரக் கேட்டுப் பாத்தன், அழுது பாத்தன் சேர். 'பிள்ளைய அனுப்பின வாசல விட்டு எப்பிடிப் போற?' எண்டார். எனக்கு அந்தக் கடல் சத்தத்தோட கிடக்க ஏலா. கவுண்மேந்து சொன்னா எழும்புவார் எண்டு பாத்தன்."

"மற்றப் பொம்பிளைகளும் வந்து நிண்டாங்களே..."

"அவங்க உண்மையா நிண்டவங்க. நானும் உண்மையாத்தான் நிண்டன் சேர், கணக்குப் பாத்து நிண்டன், அவ்வளவுதான். உங்கட பெரிய சேர் செருப்பக் கழட்டிப்போட்டு வந்தாரே, அது மட்டும்தான் எனக்கு இண்டைக்கும் ஒரு மாதிரி."

தேத்தண்ணியைக் கையில் எடுத்தேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"சீனித்தம்பிக்கு இது தெரியுமா?"

"என்னத்துக்கு?" என்றார் பாக்கியம். "அவர் சாகுமட்டும் உங்களத்தானே ஏசினவர். விடிய எழும்பி உங்கள நாலு ஏச்சு ஏசிப்போட்டுத்தான் ஓட்டோவ எடுப்பார். நல்லதாப் போச்சு சேர். நீங்க இல்லாட்டி என்னையெல்லோ ஏசியிருப்பார்."